ஹோகார்த்தின் நீதிக்கதை அச்சுப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ஆம் நூற்றாண்டு லண்டனில், செப்புத் தகட்டில் கதை செதுக்கி, தாளில் அச்சடித்து விற்றவர் வில்லியம் ஹோகார்த். அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளும் பதில்களும் இங்கே இருக்கின்றன.

யார் இந்த ஹோகார்த்?

1697 நவம்பர் 10 அன்று லண்டனில், மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஸ்மித்ஃபீல்டு பகுதியில் பிறந்தவர். அப்பா ரிச்சர்டு லத்தீன் வாத்தியார், பாடநூல்களும் எழுதினார். படிப்பு சோறு போடாததால் ஒரு காப்பிக் கடை திறந்தார். வாடிக்கையாளர்கள் லத்தீனில்தான் பேச வேண்டும் என்பது அந்தக் கடையின் சிறப்பு. அது எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். கடன் ஏறியது, கடன்காரர்களை அடைக்கும் ஃப்ளீட் சிறைக்குப் போனார். சில ஆண்டுகள் குடும்பத்தின் வாழ்க்கை அந்தச் சிறையைச் சுற்றியே கழிந்தது.

மகனுக்குக் கல்லூரிப் படிப்பு வாய்க்கவில்லை. வெள்ளிப் பாத்திரங்களில் பணக்காரக் குடும்பங்களின் சின்னங்களைப் பொறிக்கும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். 1720-இல் சொந்தமாகச் செப்புத் தகடு செதுக்கத் தொடங்கினான். பிறகு அரசவை ஓவியர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில் நடத்திய பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, 1729-இல் அவருடைய மகள் ஜேனையே வீட்டுக்குத் தெரியாமல் அழைத்துப் போய்த் திருமணம் செய்துகொண்டான்.

கடனும் சிறையும், பணக்காரரின் வெள்ளித் தட்டும் இவருடைய படங்களில் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்று யாரும் இனிக் கேட்கத் தேவையில்லை.

'நீதிக்கதை அச்சுப்படம்' என்றால் என்ன? பழைய நீதிக்கதைகளுக்கு வரைந்த படங்களா?

இல்லை. அதுவரை கதைப் படம் என்றால் விவிலியம், கிரேக்கப் புராணம், அரசர் வரலாறு என்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த கதையை வரைவதுதான் வழக்கம். ஹோகார்த் கதையையே புதிதாகக் கட்டினார். நாயகி பக்கத்துத் தெருவில் இருப்பவள். நாயகன் நேற்று அப்பாவின் சொத்து கைக்கு வந்தவன். ஆறு, எட்டு, பன்னிரண்டு தகடுகளில் அவர்களுடைய வாழ்வும் அழிவும் வரிசையாக நடக்கும். தன் படம் ஒரு மேடை, ஆண்களும் பெண்களும் அதில் நடிகர்கள் என்று தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வகைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'இக்கால நீதிப் பொருள்கள்' என்று சொல்லலாம். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நீதி படத்தின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கும். நையாண்டி ஓரத்தில், நாயின் காலடியிலோ சுவரில் மாட்டிய படத்திலோ ஒளிந்திருக்கும். ஓரத்தில் இருப்பது நடுவில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

'ப்ராக்ரஸ்' என்று தலைப்பு வைத்திருக்கிறாரே, அது முன்னேற்றமா?

முன்னேற்றம் என்று மொழிபெயர்த்தால் வேடிக்கை பாதி போய்விடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது பயணம் என்ற பொருளும் இருந்தது; அரசர் நாட்டைச் சுற்றி வரும் பவனியையும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1678-இல் வெளிவந்த ஜான் பனியனின் புகழ்பெற்ற நூலின் தலைப்பில் அந்தச் சொல் உண்டு. கிறித்தவன் ஒருவன் பாவ நகரை விட்டுப் புறப்பட்டு மோட்ச நகரை அடையும் கதை அது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காப்பியமாகப் பாடியதும் அதே கதையைத்தான். ஆகவே தமிழ் வாசகருக்குச் சரியான சொல் 'யாத்திரை'. பரத்தையின் யாத்திரை, ஊதாரியின் யாத்திரை. பனியனின் யாத்திரிகன் மேலே போகிறான். ஹோகார்த்தின் யாத்திரிகர்கள் படிப்படியாகக் கீழே இறங்குகிறார்கள். தலைப்பைப் படித்த உடனேயே அன்றைய வாசகர் சிரித்திருப்பார்.

'பரத்தையின் யாத்திரை'யின் கதை என்ன?

1732-இல் வெளிவந்த ஆறு தகடுகள். மால் ஹேக்கபௌட் என்ற கிராமத்துப் பெண் யார்க் வண்டியில் லண்டன் வந்து இறங்குகிறாள். கையில் கத்தரிக்கோலும் ஊசி குத்தும் மெத்தையும் தொங்குகின்றன; தையல் வேலை தேடி வந்தவள். அம்மைத் தழும்பை ஒட்டுப்பொட்டுகளால் மறைத்த ஒரு கிழவி அவள் தாடையைத் தொட்டு அன்பாகப் பேசுகிறாள். கதவருகே ஒரு கனவான் காத்திருக்கிறார். இரண்டாம் தகட்டில் மால் ஒரு செல்வந்தரின் வைப்பு. கள்ளக் காதலன் நழுவி ஓடுவதற்காகத் தேநீர் மேசையை எட்டி உதைக்கிறாள். மூன்றாவதில் ட்ரூரி லேன் பகுதியில் ஒரு மலிவான அறை. கைது செய்ய நீதிபதி நுழைகிறார். நான்காவதில் சிறை, சணல் இடிக்கும் வேலை. உடம்பில் இன்னும் பட்டாடை. ஐந்தாவதில் மேகநோயால் சாகிறாள். ஆறாவதில் சவப்பெட்டி. அதன் தகட்டில் 1731 செப்டம்பர் 2, வயது 23 என்று பொறித்திருக்கிறது.

இதுவரை எந்தப் பிரசங்கியாரும் சொல்லக்கூடிய கதைதான். இனி ஓரங்களைப் பாருங்கள்.

முதல் தகட்டில் மாலுக்குப் பின்னால் குதிரை மேல் ஒரு பாதிரியார். பெண் வலையில் விழும் அந்தக் கணத்தில் அவர் கண் கையிலிருக்கும் கடிதத்தின் முகவரியில் இருக்கிறது. லண்டன் பேராயருக்கு எழுதியது, பதவி கேட்கத்தான் இருக்கும். குதிரை வைக்கோலுக்கு வாய் நீட்ட, அடுக்கிவைத்த சட்டிகள் சரிகின்றன. இரண்டு தகடு தள்ளி, மாலின் மேசையில் வெண்ணெய் வைத்திருக்கும் தாள் எது என்று உற்றுப் பார்த்தால், அதே பேராயர் மக்களின் ஒழுக்கத்துக்காக எழுதி வெளியிட்ட மேய்ப்பர் மடல்!

முதல் தகட்டில் மாலின் பெட்டிக்கு அருகில் ஒரு வாத்து, கழுத்து தொங்கிக் கிடக்கிறது. லண்டனில் தேம்ஸ் தெருவில் இருக்கும் 'அன்பான' உறவினருக்குக் கொண்டுவந்த பரிசு. சீட்டில் எழுத்துப் பிழைகளோடு எழுதியிருக்கிறாள். அந்த உறவினர் வந்திருந்தால் மீதி ஐந்து தகடுகளுக்கு வேலையே இல்லை. யாரும் வரவில்லை.

ஐந்தாம் தகட்டில் மால் உயிர்விட்டுக்கொண்டிருக்க, இரண்டு வைத்தியர்கள் யாருடைய மருந்து உயர்ந்தது என்று சண்டை போடுகிறார்கள். ஒருத்தி அவளுடைய பெட்டியைக் குடைகிறாள். சவ ஊர்வலத்துக்கு முன்பான கடைசிக் காட்சியிலோ சவப்பெட்டியே சாராயம் வைக்கும் மேசையாகிவிட்டது. பாதிரியாரின் ஒரு கை பக்கத்துப் பெண்ணின் பாவாடைக்குள். மறு கையில் கிண்ணம் சாய்ந்து மது சிந்துகிறது. சவப்பெட்டிக்குக் கீழே மாலின் சின்னஞ்சிறு மகன் துக்க உடையில் பம்பரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

"கெட்டுப் போனாள், செத்தாள்" என்பது நடுவில் உள்ள நீதி. ஓரங்கள் கேட்பது வேறு: அவள் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், அதில் காசு பார்த்தவர்கள், அவளைத் தண்டித்துப் பெயர் வாங்கியவர்கள் இவர்களை என்ன செய்வது?

படத்தில் வருபவர்கள் உண்மையான மனிதர்களா?

சிலர். கதவருகே நிற்கும் கனவான் கர்னல் ஃபிரான்சிஸ் சார்ட்டரிஸ் என்று அன்றைய லண்டன்வாசி ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாக 1730-இல் மரண தண்டனை பெற்று, அரச மன்னிப்பில் வெளியே வந்தவர். தாடையைத் தொடும் கிழவி பரத்தையர் விடுதி நடத்திய நீடம். 1731-இல், கழுத்தையும் கைகளையும் பூட்டும் தண்டனைப் பலகைக்கு முன்னால் தெருவில் கிடத்தியபோது கூட்டம் கல்லெறிந்ததில் காயப்பட்டுச் சில நாளில் இறந்தாள். மாலைக் கைது செய்ய வருபவர் சர் ஜான் கான்சன், பரத்தையரைப் பிடிப்பதில் பேர் எடுத்த நீதிபதி.

இந்த வரிசையில் ஒன்று கவனிக்க வேண்டும். கிழவி அடிபட்டுச் செத்தாள். கர்னல் மன்னிக்கப்பட்டார். ஹோகார்த் இருவரையும் ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு வாயைத் திறக்கவில்லை.

இவற்றை எப்படித் தயாரித்தார்கள்?

மெருகேற்றிய செப்புத் தகடுதான் அடிப்படை. அதன்மேல் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். இது வேகமான முறை. கை எழுதுவதுபோல் ஓடும். இன்னொன்று, கூரான எஃகு உளியால் செம்பையே நேரடியாகச் செதுக்குவது. இது மெதுவான வேலை, ஆனால் கோடு ஆழமாகவும் தெளிவாகவும் விழும். ஹோகார்த் இரண்டையும் கலந்தே செய்தார். பிறகு தகடு முழுவதும் மை தடவித் துடைப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் தாள் அந்த மையை உறிஞ்சிக்கொண்டு வெளியே வரும்.

தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் வரும். இந்தக் கண்ணாடித் திருப்பத்தை ஹோகார்த் போன்றவர்கள் முன்கூட்டியே கணக்கிட்டுச் செதுக்க வேண்டும். திருட்டுப் பதிப்புக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கடையில் ஒரு படத்தை வாங்கி, பார்த்ததைப் பார்த்தபடியே தகட்டில் கீறிவிடுவார்கள்; இடவலம் மாறிய படம் சந்தைக்கு வரும். போலியைக் கண்டுபிடிக்க அது ஒரு தடயம்.

விலை என்ன? ஏழைகள் வாங்க முடிந்ததா?

'பரத்தையின் யாத்திரை' ஆறு படங்களும் சேர்ந்து ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். லண்டன் கூலித் தொழிலாளி இரண்டு வாரம் உழைத்தால் ஏறத்தாழ அவ்வளவு கிடைக்கும். பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும், மீதியைப் படம் கைக்கு வரும்போது கொடுக்க வேண்டும். இடைத்தரகரான அச்சுப்பட வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து நேரடியாகச் சந்தாதாரர்களைச் சேர்த்தார். 1,200-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். பெரும்பாலும் வசதி படைத்தவர்கள்தான்.

ஏழை காசு கொடுக்காமல் பார்த்தான். அச்சுப்படக் கடைகளின் சன்னல் கண்ணாடியில் புதுப்படங்களை வைப்பார்கள். தெருவே நின்று பார்க்கும். காப்பிக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

'ஹோகார்த் சட்டம்' என்கிறார்களே, அது என்ன?

மால் படங்கள் வெளிவந்த கையோடு திருட்டுப் பதிப்புகள் கிளம்பின. அசல் ஒரு கினிக்கு விற்க, போலி சில ஷில்லிங்குக்குக் கிடைத்தது. புத்தக ஆசிரியர்களுக்கு 1710-இலிருந்தே காப்புரிமைச் சட்டம் இருந்தது. படம் செதுக்குபவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஹோகார்த்தும் வேறு சில கலைஞர்களும் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1735-இல் சட்டம் நிறைவேறியது. சொந்தமாக உருவாக்கிச் செதுக்கிய படத்துக்கு 14 ஆண்டு பாதுகாப்பு. திருட்டுப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 5 ஷில்லிங் அபராதம்.

இதில் அவர் காட்டிய பொறுமை அசாதாரணமானது. அடுத்த தொடரான 'ஊதாரியின் யாத்திரை' தயாராகியும், சட்டம் நடைமுறைக்கு வரும் ஜூன் மாதக் கடைசி வரை வெளியிடாமல் பூட்டி வைத்தார். வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. செதுக்குவதற்கு முன் ஹோகார்த் வரைந்திருந்த ஓவியத்தைப் பார்த்து வந்தவர்களின் நினைவிலிருந்து வரையவைத்து, அசலுக்கு முன்பே போலியை வெளியிட்டார்கள். உடனே ஹோகார்த் தானே ஒரு சிறிய மலிவுப் பதிப்புக்கு அனுமதி கொடுத்து அதையும் சந்தையில் இறக்கினார். அறம் பாடும் கலைஞர் என்று மட்டும் நினைத்தால் ஆளைத் தவறாகப் புரிந்துகொள்வோம். அப்பாவைக் கடன் சிறையில் பார்த்தவர், கணக்குத் தெரிந்தவர்.

ஊதாரியின் கதை?

எட்டுத் தகடுகள். கஞ்சத் தகப்பன் செத்ததும் டாம் ரேக்வெல்லுக்குச் சொத்து வருகிறது. செருப்புக்கு அடித்தோல் தைக்க விவிலியத்தின் அட்டையை வெட்டியெடுத்த அளவுக்கு அந்தத் தகப்பன் கஞ்சன். மகன் முதல் வேலையாகப் புதுச்சட்டைக்கு அளவு கொடுக்கிறான். தான் கருவுறச் செய்த சாரா யங் என்ற பெண்ணைக் காசு கொடுத்து அனுப்பப் பார்க்கிறான். பிறகு ஆடல் ஆசிரியர், வாள் ஆசிரியர், மதுவிடுதி, கடன், பணத்துக்காக ஒற்றைக்கண் கிழவியுடன் திருமணம், சூது, ஃப்ளீட் சிறை, கடைசியில் பெத்லெம் பைத்தியக்கார விடுதி.

சிறைத் தகட்டைத்தான் நான் நெடுநேரம் பார்ப்பேன். டாம் நாடகம் எழுதி அதில் பிழைக்கலாம் என்று பார்க்கிறான். அரங்க உரிமையாளர் திருப்பி அனுப்பிய கடிதம் மேசையில் கிடக்கிறது. அதே அறையில் இன்னொருவன் கையிலிருந்து ஒரு தாள் நழுவுகிறது: நாட்டின் கடன் முழுவதையும் அடைக்கும் திட்டம்! தன் கடனை அடைக்க வழியில்லாதவன் எழுதியது. லத்தீன் காப்பிக் கடை நடத்தியவரின் மகன் செதுக்கிய கோடு இது என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் சிரிப்பு தொண்டையில் நிற்கும்.

கடைசித் தகட்டில் சங்கிலி பூட்டிய டாமின் பக்கத்தில் சாரா அழுகிறாள். பின்னால் பட்டுடுத்திய இரண்டு சீமாட்டிகள், பைத்தியக்காரர்களை வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அன்றைய லண்டனில் அது ஒரு பொழுதுபோக்கு. ஒருத்தி விசிறியால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள், பார்வையை மட்டும் விலக்கவில்லை. படம் வாங்கிய கனவான்களின் மனைவியர் அந்த விசிறியை அடையாளம் கண்டுகொண்டிருப்பார்களா?

ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

'நாகரிகக் கல்யாணம்' தொடரின் இரண்டாவது படம். பணம் தீர்ந்த பிரபுவின் மகனுக்கும் பட்டம் வேண்டிய வணிகரின் மகளுக்கும் பேரம் பேசி முடித்த திருமணம் அது. முதல் படத்திலேயே இருவரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். காலடியில் இரண்டு நாய்களை ஒரே சங்கிலியில் பூட்டியிருக்கிறது.

இரண்டாவது படம் ஒரு விருந்துக்கு மறுநாள். கணவன் நாற்காலியில் துவண்டு கிடக்கிறான். வெளியே இரவைக் கழித்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறான். அவன் சட்டைப் பையில் ஒரு பெண்ணின் தொப்பி. நாய்க்குட்டி மோப்பம் பிடித்துவிட்டது. அருகே உடைந்த வாள். மனைவி சோம்பல் முறிக்கிறாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு. கவிழ்ந்து கிடக்கும் நாற்காலியையும் தரையில் கிடக்கும் வயலின் பெட்டியையும் பார்த்தால் யாரோ ஒருவர் அவசரமாக எழுந்து போயிருக்கிறார். கணக்குப்பிள்ளை ஒரு கட்டு ரசீதுகளோடு வந்து, இருவரும் கண்டுகொள்ளாததால் கையை மேலே தூக்கியபடி திரும்பிப் போகிறார். அந்தக் கட்டில் பணம் கட்டித் தீர்த்தது ஒன்றே ஒன்று. பின்சுவரில் ஒரு படத்துக்குத் திரை போட்டிருக்கிறது. திரைக்கு வெளியே ஒரு வெறுங்கால் மட்டும் தெரிகிறது.

அடுத்த நான்கு படங்களில் கணவன் மனைவியின் காதலனோடு வாட்சண்டை போட்டுச் சாகிறான். காதலன் தூக்கில் தொங்குகிறான். மனைவி விஷம் குடிக்கிறாள். அவள் உயிர் பிரியும்போது அப்பா அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றுகிறார், வியாபாரி அல்லவா. இந்தத் தொடரை 1745-இல் செதுக்கியவர்கள் பிரெஞ்சுக் கைவினைஞர்கள். பிரெஞ்சு நாகரிகத்தைக் கண்டபடி திட்டும் ஹோகார்த், மென்மையான கோடு வேண்டும் என்றபோது பிரெஞ்சுக் கைகளைத்தான் தேடிப் போனார்.

எல்லாம் பாவிகளின் கதைதானா? நல்லவன் ஒருவனாவது உண்டா?

உண்டு, 1747-இல் வந்த 'உழைப்பும் சோம்பலும்' தொடரில். பன்னிரண்டு படங்கள், மொத்தம் 12 ஷில்லிங். தொழில் பழகும் பையன்களுக்கும் எட்ட வேண்டும் என்று வேண்டுமென்றே எளிமையாகச் செதுக்கியது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவுக் கூடத்தில் இரண்டு பையன்கள். குட்சைல்டு தறியில் கருத்தாக இருக்கிறான். ஐடில் தூங்குகிறான், அவன் நாடாவைப் பூனை உருட்டுகிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் விவிலிய வசனம். முதலாளி மகளை மணந்து குட்சைல்டு லண்டன் மேயர் ஆகிறான். ஐடில் டைபர்னில் தூக்கு மேடை ஏறுகிறான்.

குட்சைல்டை எனக்குப் பிடிப்பதில்லை. ஹோகார்த்துக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். அவன் பணக்காரனாகி விருந்து வைக்கும் படத்தைப் பாருங்கள்: அவன் பின்னால் எங்கோ பொடியாகத் தெரிகிறான், முன்னால் முழுக்க வாய் பிளந்து விழுங்கும் பெருந்தீனிக்காரர்கள். ஐடிலின் தூக்குக் காட்சியிலோ கூட்டம், தள்ளுமுள்ளு, தின்பண்டம் விற்பவர்கள் என்று தகடே உயிரோடு அசைகிறது. அங்கே நட்டநடுவில் ஒரு பெண் கூவி விற்கிறாள், 'தாமஸ் ஐடிலின் கடைசி வாக்குமூலம்' என்ற அச்சுத்தாளை. ஐடில் இன்னும் சாகவில்லை! ஒருவனின் வீழ்ச்சியை அச்சடித்து விற்கும் தொழிலைப் பற்றி, அதே தொழிலில் இருப்பவர் செதுக்கிய கிண்டல் இது.

'ஜின் சந்து' உண்மையிலேயே சட்டத்தை மாற்றியதா?

மாற்றத்துக்கு ஒரு கை கொடுத்தது என்பதுதான் நியாயமான பதில். மலிவான ஜின் சாராயம் லண்டன் ஏழைகளைச் சூறையாடிய காலம். 1734-இல் ஜூடித் டெஃபூர் என்ற பெண், ஏழைகள் விடுதியில் புத்தாடை உடுத்தியிருந்த தன் குழந்தையை வெளியே அழைத்துவந்து கொன்று, அந்த ஆடையை விற்று ஜின் வாங்கிய வழக்கு ஊரை உலுக்கியது. 1751 பிப்ரவரியில் ஹோகார்த் 'ஜின் சந்து', 'பீர் தெரு' என்ற இரட்டைப் படங்களைத் தலா ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்டார். அவருடைய நண்பரும் நீதிபதியுமான ஹென்றி ஃபீல்டிங் அதற்கு முந்தைய மாதம்தான் ஜின்னைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டிருந்தார். அதே ஆண்டு வந்த சட்டம் வரியைக் கூட்டியது. காய்ச்சுபவர்கள் சில்லறையில் விற்பதைத் தடுத்தது. பின்னர் ஜின் குறைந்ததற்குத் தானிய விலை ஏறியதும் ஒரு காரணம்.

படத்தில் படிக்கட்டில் ஒரு பெண், கால்களில் புண், உதட்டில் அசட்டுச் சிரிப்பு. மூக்குப்பொடி எடுக்கும் மும்முரத்தில் மடியிலிருந்த குழந்தை தலைகீழாக விழுவது தெரியவில்லை. பின்னால் தச்சன் ரம்பத்தையும் ஒரு பெண் சமையல் பாத்திரங்களையும் அடகு வைக்கிறார்கள். சாராயக் கடை வாசலில், ஒரு பென்னிக்குப் போதை, இரண்டு பென்னிக்கு முழுப்போதை, படுக்க வைக்கோல் இலவசம் என்று விளம்பரம். அந்தச் சந்தில் செழிப்பாக இருப்பவர்கள் மூவர்: அடகுக்கடைக்காரர், சாராயம் காய்ச்சுபவர், சவப்பெட்டி செய்பவர்.

'பீர் தெரு'வில் எல்லாம் தலைகீழ். எல்லோரும் கொழுகொழுவென்று இருக்கிறார்கள், கட்டடம் கட்டுகிறார்கள். அடகுக்கடை மட்டும் பாழடைந்து கிடக்கிறது. ஆனால் ஏணியில் நின்று கடைப் பலகைக்குப் படம் எழுதும் ஒருவனின் உடை மட்டும் கந்தல். வளம் கொழிக்கும் தெருவில் இளைத்துப் போயிருப்பவன் ஓவியன் ஒருவன்தான். அரசுக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்யும்போதும் ஓரத்தைச் சும்மா விட ஹோகார்த்துக்கு மனம் வராது.

'கொடுமையின் நான்கு படிகள்' பார்க்க முடியாத அளவுக்குக் குரூரமாக இருக்கிறதே?

இருக்கிறது. லண்டன் தெருக்களில் வாயில்லா ஜீவன்கள் படும் பாட்டைப் பார்த்துச் சகிக்காமல் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சிறுவன் டாம் நீரோ நாயை வதைக்கிறான். வளர்ந்தபின் வண்டிக் குதிரையை. பிறகு தன்னால் கருவுற்ற காதலியைக் கொல்கிறான். நான்காம் படத்தில் தூக்கிலிட்ட அவன் உடலை மருத்துவர்கள் அறுக்கிறார்கள். தரையில் விழுந்த இதயத்தை நாய் முகர்கிறது.

இது பழிக்குப் பழி, கணக்குத் தீர்ந்தது என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த அறுவை அறையில் அரியணைபோன்ற நாற்காலியில் அமர்ந்து கோலால் சுட்டும் தலைமை மருத்துவர் முகத்தைப் பாருங்கள். முதல் படத்துச் சிறுவர்களின் முகத்தில் இருந்த அதே அலட்சியம். இவர்கள் கையில் இருப்பது உரிமம், அவ்வளவுதான் வேறுபாடு.

இவர் கேலிச்சித்திரக்காரர்தானே?

அப்படிச் சொன்னால் கோபப்படுவார். மூக்கை நீட்டி, வயிற்றை ஊதவைத்துச் சிரிப்பு மூட்டுவது வேறு, முகத்தில் குணத்தைக் கொண்டுவருவது வேறு என்று காட்டுவதற்காகவே 1743-இல் நூற்றுக்கு நெருக்கமான முகங்களை ஒரே தகட்டில் நெருக்கிச் செதுக்கினார். அது 'நாகரிகக் கல்யாணம்' சந்தாதாரர்களுக்கான ரசீது. அரசியல்வாதிகளை உருக்குலைத்து வரைந்த கில்ரேயும் கூட்டத்தை வரைவதில் மன்னரான ரோலண்ட்சனும் அவர் இறந்தபின் வந்த தலைமுறை.

யூதர்களையும் கறுப்பினத்தவரையும் இவர் காட்டும் விதம் சரிதானா?

'பரத்தையின் யாத்திரை'யில் மால் என்பவளை வைப்பாக வைத்திருக்கும் செல்வந்தரான யூத வணிகர், அன்றைய மேடைகளில் வந்த ஏமாளிப் பணக்கார யூதரின் அச்சு வார்ப்பு. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. கறுப்பினத்தவர் விஷயம் சற்றுச் சிக்கலானது. 'நாகரிகக் கல்யாணம்' நான்காம் படத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினச் சிறுவன் ஒரு கொம்பு முளைத்த பொம்மையைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். மனைவி ஏமாற்றும் கணவனுக்குக் கொம்பு முளைக்கும் என்பது அவர்கள் வழக்கு. அந்த அறையில் நடப்பதை முழுதாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் அவன் அங்கே இருப்பது பீங்கான் சாமான்போல் வாங்கிவைத்த அலங்காரமாகத்தான். சிரிப்பைக் கொடுத்த ஹோகார்த் அவனுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

அசல்களை எங்கே பார்க்கலாம்?

மால் ஓவியங்கள் 1755-இல் ஒரு மாளிகைத் தீயில் எரிந்துபோயின; அச்சுப்படங்களே மிச்சம். ஊதாரி ஓவியங்கள் எட்டும் லண்டன் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில், கதவுபோல் மடித்துத் திறக்கும் சுவர்ப் பலகைகளில் மாட்டியிருக்கின்றன. 'நாகரிகக் கல்யாணம்' லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 1751-இல் அந்த ஆறு ஓவியங்களும் சட்டகங்களோடு சேர்த்து வெறும் 126 பவுண்டுக்குப் போனபோது ஹோகார்த் நொந்துபோனார். அச்சுப்படங்களுக்குப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். அதன் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். நேரில் கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதைவிட, சில நேரம் அதுவே மேல்.

என்னிடம் ஒரு பழைய ஹோகார்த் படம் இருக்கிறது. விலை போகுமா?

உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். 1764 அக்டோபரில் ஹோகார்த் இறந்தபின் மனைவி ஜேன் தகடுகளைப் பத்திரமாக வைத்து விற்பனையைத் தொடர்ந்தார். 1767-இல் நாடாளுமன்றம் அவருக்கென்று தனியாக 20 ஆண்டு உரிமையும் கொடுத்தது. 1789-இல் அவர் காலமான பிறகு தகடுகள் பாய்டெல் என்ற பதிப்பாளரிடம் போயின. 1822-இல் ஜேம்ஸ் ஹீத் என்பவர் தேய்ந்த கோடுகளை மீண்டும் ஆழப்படுத்தி அச்சிட்டார். ஆக, அதே தகட்டிலிருந்தே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தாள்கள் வந்திருக்கின்றன. அதற்குமேல் 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களுக்காகச் சிறிய அளவில் மறுபடி செதுக்கியவை ஏராளம். பழைய புத்தகக் கடைகளில் அகப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

சோதிக்க வேண்டுமானால் தாளின் ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கறுப்பு ஆழமாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா? பைத்தியக்கார விடுதிப் படமாக இருந்தால் சுவரைப் பாருங்கள்: அங்கே தலைவிரி கோலமாகப் பிரிட்டானியா (பிரிட்டனையே பெண்ணாக உருவகித்த வடிவம்) பொறித்த பெரிய நாணயம் இருந்தால், அது 1763-இலோ அதற்குப் பிறகோ அச்சானது. நாடே பைத்தியமாகிவிட்டது என்று தோன்றியதாலோ என்னவோ, சாவதற்கு முந்தைய ஆண்டு ஹோகார்த் 28 வயதான அந்தத் தகட்டை மீண்டும் எடுத்து அதைச் சேர்த்தார், வழக்கம்போல் நடுவில் வைக்காமல் பின்சுவரில்.